சிங்கப்பூருக்கு லைன் கேட்ட காலை

என் கையெழுத்து கோணல். பிழைகளும் இருக்கும். தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா நாளுக்கு முதல் நாள் விடியற்காலையில் அப்பா இறந்துவிட்டார். என் தம்பி சிங்கப்பூரில் அன்று மதியம் நாகப்பட்டினம் கப்பல் ஏற இருந்தான். அதற்குள் அவனுக்குச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் காஜா பேராங்கில் நான் வேலை செய்த மளிகைக்கடையில் டெலிபோன் இருந்தது. அன்று ஊரில் எல்லோரும் யாருக்காவது டெலிபோன் செய்துகொண்டிருந்தார்கள். சிங்கப்பூரில் தம்பி தங்கியிருந்த கடைக்கு லைன் கேட்டேன்; டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண் லைன் இல்லை என்றாள். வைத்தேன், உடனே மறுபடி எடுத்தேன். பலமுறை இப்படியே.

கடைசியில் அவளே மலாயில் கேட்டாள். "என்ன அவசரம், அபாங்?" அபாங் என்றால் அண்ணன்.

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க எடுக்கிறப்பல்லாம் எனக்கு இங்க போர்டுல விளக்கு எரியுது. ஊரே இப்படி எடுக்குது. எல்லாருக்கும் இல்லை இல்லைன்னு சொல்லவே நேரம் போயிடுது, லைன் கிடைச்சாலும் கோத்துவிட முடியல. வச்சிடுங்க. நான் கூப்பிடுறேன்."

வைத்துவிட்டேன்.

"விடாம கேட்டாத்தான்டா குடுப்பாங்க," என்றார் முதலாளி. "உனக்கு வாய்தான் இல்லைன்னு நெனச்சேன், கையும் இல்லையா?" அவரே எடுக்கப் போனார். அவர் முன்னால் நிமிர்ந்துகூடப் பேசாத நான், அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் முதலாளி. கூப்பிடுறேன்னு சொல்லியிருக்காங்க."

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. "சிங்கப்பூர், அபாங். பேசுங்க."

தம்பி பெட்டியோடு அந்தக் கடை வாசலில் நின்றிருந்தானாம். அப்பாவை எடுப்பதற்குள் வந்துவிட்டான்.

சத்தம் போடுகிறவனுக்குத்தான் எதுவும் கிடைக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன். முகம் தெரியாத ஒருத்தியின் வார்த்தையை நம்பிச் சும்மா நின்றேன், அவ்வளவுதான் நான் செய்தது.

இதை எழுதியது தைப்பூசத்துக்கு மறுநாள்.