எரிமலைப் பாதையில் ஒரு பெரட்டு

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா நான் எழும்பிப் போயிடுற ஆளுங்க. தோட்டத்துல பொறந்து வளந்தவ, முனி அடிச்சுது, காத்துக் கருப்பு புடிச்சுதுன்னு எத்தன கத கேட்டிருப்பேன், அத்தனையும் சாராயத்துல பொறந்த கதன்னு சிரிச்சவ. நீங்க நம்பணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல, நம்பாட்டிப் போங்க. ஆனா எனக்கு வந்த கோவம் இருக்கே, அது பொய் இல்ல, இன்னும் ஆறல, அதனாலதான் சொல்றேன்.

எம் பேரு ரீட்டா. கண்டி டவுன்ல ஒரு டூர் ஒபிஸ்ல போன் எடுக்குற வேல செஞ்சேன். இருக்குறது குண்டசாலையில, நானும் அம்மாவும் மட்டும். அம்மா பேரு சவரியம்மா. தெல்தோட்டப் பக்கம் ஒரு தோட்டத்துல காலம் பூரா தேயிலைக் கொழுந்து எடுத்தவங்க. அப்பறம் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துருச்சு, பேச்சும் போயிருச்சு, கட்டிலோட கட்டிலாக் கெடக்குறாங்க. நான் வேலைக்குப் போற நேரம் பக்கத்து வீட்டு ஜெஸீமா ராத்தாதான் பாத்துக்குவாங்க. முஸ்லிம் ஆளுக, சொந்தமில்ல, ஆனா எந்தச் சொந்தக்காரன் இப்படிப் பாக்குறான் சொல்லுங்க.

எங்க பாஸ் கொழும்புல இருந்து வந்தவரு. மலையில நடந்து போற பாதைக்கு இப்ப நல்ல கிராக்கின்னு அவருக்குத் தெரிஞ்சிருச்சு. ஒரு பாதையப் புடிச்சு, அதுக்கு 'எரிமலைப் பாதை'ன்னு பேரு வச்சாரு. நம்ம நாட்டுல எரிமலை எங்க இருக்கு? கேட்டா, அந்த மலை உருண்டையா இருக்கு பாருங்க, வெள்ளக்காரனுக்கு என்ன தெரியப்போவுதுன்னு சிரிக்கிறாரு. எரிமலை, சதுப்பு நிலம், பழைய இடிபாடு, மூணும் ஒரே நாள்லன்னு விளம்பரம். மொத நடைக்கு என்னையும் வரச் சொன்னாரு, வர்றதுல தமிழ் ஆளுகளும் இருக்காங்களாம், தமிழ்ல வெளக்கம் சொல்ல ஆள் வேணுமாம்.

வேன் தெல்தோட்டையத் தாண்டி எறங்குனப்பறந்தான் எனக்கே புரிஞ்சுது. அது எங்க தோட்டம். நான் பொறந்த டிவிஷன். மண்சரிவு வரும்னு ஆளுகளக் கெளப்பி விட்டுட்டாங்க, தேயிலை மரமாகிக் காடாப் போச்சு. இவரு சொன்ன இடிபாடு எங்க லயம், நாங்க வரிசையாக் குடியிருந்த லைன் வீடு. கூரத் தகரத்த எவனோ கழட்டிட்டுப் போயிட்டான், சுவரு மட்டும் நிக்கிது. சதுப்பு நிலம் என்னன்னா, நாங்க கீரத்தோட்டம் போட்ட பள்ளம், தண்ணி வடியுற கான் அடைச்சுத் தேங்கி, ஆள் ஒசரத்துக்குப் புல்லு மொளச்சுக் கெடக்குது. எங்க வீட்டுச் சுவருக்கு முன்னால ஒரு பொம்பள சாஞ்சு நின்னு போட்டோ புடிக்கிறா. வயித்தெரிச்சல அடக்கிக்கிட்டு நின்னேன், வேல போனா அம்மாவுக்கு மருந்து வாங்க முடியாதுல்ல.

அதுக்கு மேலயும் ஒண்ணு வச்சிருந்தாரு. எல்லாரையும் பெரட்டுக்களத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. பெரட்டுன்னா தெரியாதவங்களுக்குச் சொல்றேன், வேலைக்குப் போகமுந்தி விடிய எல்லாரையும் நிப்பாட்டிக் கங்காணி பேர் கூப்பிடுறது. பிந்திப் போனா அன்னைக்கு வேல இல்ல, அழுதாலும் இல்ல. அம்மா என்னைய வயித்துல வச்சுக்கிட்டு ஓடுனது அந்தக் களத்துக்குத்தான். அத இவரு வெளையாட்டாக்கி வச்சிருக்காரு. வந்தவங்க தலையில துணியக் கட்டி, முதுகுல கூடையப் போட்டு வரிசையா நிக்கணுமாம், ஒரு ஆள் பேர் கூப்பிடணுமாம், அவங்க "இருக்கேங்கய்யா"ன்னு சொல்லிச் சிரிக்கணுமாம். கூப்பிடுற ஆள் நானாம். நான் மாட்டேன்னுட்டேன். அவரு அத்தன பேருக்கு முன்னாலயும் சொன்னாரு, "ஒங்க அம்மா கொழுந்து எடுத்தவங்கதானே ரீட்டா, ரத்தத்துல இருக்கும், கூப்பிடுங்க."

எனக்கு மண்டைக்கு ஏறிருச்சு. இந்தா கேட்டுக்க, இது வெளையாட்டு இல்ல, இது ஒரு மனுஷி பேருன்னு அவரு மூஞ்சியப் பாத்து, பழைய கங்காணி மாதிரியே நெஞ்சு கிழியக் கத்துனேன். "சவரியம்மா!"

வந்தவங்களுக்கு அது யாரு பேருன்னு தெரியாது. அப்ப கீழ பள்ளத்துல இருந்து, அந்தப் புல்லுக்குள்ள இருந்து, "இந்தா வர்றேங்கய்யா"ன்னு ஒரு கொரலு.

மாதா மேல சத்தியமாச் சொல்றேன், அது எங்க அம்மா கொரலு. படுக்கையில விழுறதுக்கு முந்தி இருந்த கொரலு, ஓடி வரும்போது மூச்சு வாங்கிக்கிட்டே சொல்ற மாதிரி. எனக்கு மட்டும் கேட்டிருந்தா பிரமைன்னு விட்டிருப்பேன். அத்தன பேரும் திரும்பிப் பாத்தாங்க. பட்டப்பகல்தான், ஆனா மிஸ்டுப் பனி எறங்கியிருந்துச்சு, புல்லு மட்டும் யாரோ வெலக்கிக்கிட்டு வர்ற மாதிரி ஒரு கோடா அசைஞ்சு, களத்தோரம் வந்து நின்னுருச்சு. ஆள் இல்ல. வந்தவங்க கை தட்டுனாங்க, பாஸ் ஏற்பாடு செஞ்சதுன்னு நெனச்சு. அவரும் எங்கிட்ட வந்து, எங்க ஸ்பீக்கர் வச்சீங்க ரீட்டா, அருமைன்னு முதுகத் தட்டுறாரு. அந்தக் கையப் புடிச்சு ஒடிச்சிருக்கணும்.

ரோட்டுக்கு ஏறுனப்பறந்தான் போனுக்கு சிக்னல் வந்துச்சு. ராத்தா எத்தனையோ தடவ கோல் பண்ணியிருந்தாங்க, திரும்பக் கூப்பிட்டேன். "ரீட்டா, ஒங்கட அம்மா பேசின. 'இந்தா வர்றேங்கய்யா'ன்னு கத்தின. நான் இந்தக் காதால கேட்ட, அல்லாஹ் மேல ஆணை. கெதியா வாங்க."

வீட்டுக்குப் போய்ப் பாத்தா, அம்மா படுத்த மாதிரியே படுத்திருக்காங்க. கால் ரெண்டுலயும் முழங்கால் வரைக்கும் கறுப்புச் சேறு. அட்டை கடிச்ச எடத்துல ரத்தம் நிக்காம ஓடுது. குண்டசாலையில எங்க வீட்டுல அட்டை ஏது? தரையில ஒரு சொட்டுச் சேறு இல்ல. ராத்தா கதவோரத்துல நின்னு ஓதிக்கிட்டு இருக்காங்க.

மறுநாள் விடியக்குள்ள அம்மாவோட வலது கை, விழுந்த கை, தானா ஆட ஆரம்பிச்சுது. கட்டைவிரலும் ரெண்டு விரலும் சேந்து போர்வய நுள்ளுது, தோளுக்குப் பின்னால போடுது, நுள்ளுது, போடுது. கொழுந்து எடுக்குற கை அது, எனக்குத் தெரியாதா. இருட்டுற வரைக்கும் நிக்கல. பகல்ல சோறு எறங்கல, தண்ணி எறங்கல. டொக்டர் பாத்துட்டு நரம்பு திரும்ப வேல செய்யுது, நல்ல குறின்னு சந்தோஷப்படுறாரு. விரல் நுனி பாளம் பாளமா வெடிச்சு, தேயிலைக் கறை மாதிரி கறுத்துப் போச்சு, அதுக்கு ஒரு கிரீம் எழுதிக் குடுத்தாரு. ஞாயித்துக்கெழமகூட லீவு இல்ல. தோட்டத்துலகூட ஞாயித்துக்கெழம விடுவாங்க. அம்மா நாளுக்கு நாள் கரையுறாங்க, கண்ணு முன்னால சாகப் போறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

களத்துல நடந்தத நான் சொல்லியிருந்தேன், ராத்தாதான் ஒருநா கேட்டாங்க, கொஞ்சம் கோவமாவே. "வேலைக்குக் கூப்பிட்ட நீங்கதானே? வேல முடிஞ்சி வீட்டுக்குப் போகச் சொன்னீங்களா?"

அடுத்த சனிக்கெழம பஸ் ஏறிப் போனேன். அங்க பாஸ் ஒரு புது கூட்டத்த நிப்பாட்டி வச்சிருக்காரு, கூலிக்கு ஒரு ஆளப் புடிச்சுக் கங்காணி வேஷம் போட்டு, அவன் வாய்க்கு வந்த பேரெல்லாம் கூப்பிடுறான். முத்தாயி, காளியம்மா, செபஸ்தியான், ராமாயின்னு. நான் இல்லாத கெழமையும் இது நடந்திருக்கு. அந்தத் தோட்டத்துல அந்தப் பேர்ல ஆள் இல்லாமலா இருந்திருக்கும்? செத்தவங்களயும் விடாம வேலைக்குக் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கானுங்க.

நான் நடுக்களத்துல போய் நின்னேன். பாஸ் ஓடி வந்து, காசு குடுத்து வந்திருக்காங்க ரீட்டா, நாடகத்தக் கெடுக்காதீங்கன்னு பல்லக் கடிக்கிறாரு. நான் அவரப் பாக்கவே இல்ல, பள்ளத்தப் பாத்துக் கத்துனேன். "வேல விட்டாச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க. சவரியம்மா, நீங்களும் போங்க."

மொதல்ல ஒண்ணும் இல்ல. அப்பறம் தண்ணிக்குள்ள இருந்து கால எடுத்து வைக்கிற சத்தம், ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு தோட்டமே ஏறி வர்ற மாதிரி. இடுப்புல கட்டுற ஈரச் சாக்கு வாசமும் பச்சக் கொழுந்து வாசமும் எங்களக் கடந்து மேல ரோட்டப் பாத்துப் போச்சு. அந்தக் கூட்டத்துல ஒருத்தரும் கை தட்டல. கங்காணி வேஷக்காரன் தலப்பாவக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டான். பாஸ் மட்டும் என்னைய வேலைய விட்டு நிப்பாட்டுறேன்னு அங்கயே சொன்னாரு, சரின்னு வந்துட்டேன். அந்தப் பாதை இப்பவும் நடக்குது, போய் வேணும்னா பாருங்க.

வீட்டுக்கு வந்தா அம்மா கை நின்னிருந்துச்சு. ராத்தா கஞ்சி குடுத்துக்கிட்டிருந்தாங்க, அம்மா குடிச்சாங்க. இப்ப விரலெல்லாம் ஆறிருச்சு, சாப்பிடுறாங்க, ஒடம்பும் தேறிருச்சு. அதோட முடிஞ்சிருந்தா நான் இத யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்.

வீட்டுக்குப் போங்கன்னு நான் கோவத்துல சொல்லிட்டேங்க. எந்த வீட்டுக்கு? லயத்துல கூரை இல்லன்னு என் கண்ணாலதானே பாத்தேன். அத நான் யோசிக்கல. அம்மாவால தானாத் திரும்பிப் படுக்க முடியாது, நான்தான் பொரட்டி விடணும், அது டொக்டருக்கும் தெரியும். ஒவ்வொரு ராவும் கட்டில் நடுவுல படுக்க வைக்கிறேன். ஒவ்வொரு நாள் காலையிலயும் அம்மா சுவத்தோட ஒட்டி, கால மடக்கி, ஒரு ஆளுக்கு எடம் விட்டுப் படுத்திருக்காங்க, லயத்துல நாங்க குடும்பமே ஒத்த அறையில, அந்தக் காம்பராவுல, நெருக்கிப் படுத்த மாதிரி. விட்ட எடத்துல விரிப்பு ஈரமா இருக்கு, அதே சாக்கு வாசத்தோட.