தோள் கொடுத்தவன் எடுத்த கொடி

மேலூர்ப் பக்கம் வழுக்கு மரம் ஏறுவதென்றால், ஒருவர் தோள்மேல் ஒருவராக ஏறி நிற்க வேண்டும். அடியில் நிற்பவன் நான். பதினாறு வயதில் தோள் கொடுக்க ஆரம்பித்தது. லாரிப் பட்டறை வைத்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகும் விடவில்லை. "அண்ணே, நீ நின்னாத்தான் நாங்க ஏறுவோம்" என்பார்கள். நானும் பல்லை இளித்துக்கொண்டு போய் நிற்பேன். உச்சிக்குப் போகிறவன் பரிசு மூட்டையை அவிழ்ப்பான். மாலை அவனுக்கு, போட்டோ அவனுக்கு. எனக்கு முதுகெல்லாம் விளக்கெண்ணெயும் உளுந்து மாவும். ஒரே ஒரு தடவை என் கையால் ஒரு பரிசை எடுத்துவிட வேண்டும் என்ற ஆசை நாற்பத்து மூன்று வயதிலும் போகவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

என் தங்கை மால்டா தீவில் நர்ஸ். அவள் வீட்டுக்காரருக்கு அங்கேயே ஒரு ஓட்டலில் வேலை. போன ஆவணியில் டிக்கெட் போட்டு என்னை வரவழைத்தார்கள். கடலோரத்தில் சின்னக் கிராமம். வெயில் என்னவோ நம் கொட்டாம்பட்டி வெயில்தான். அதில் துண்டை விரித்து, வத்தல் காயப்போட்ட மாதிரி வரிசையாகப் படுத்துக் கிடக்கிறார்கள். காசு கொடுத்து வெயிலில் காய்கிற சனத்தை அங்கேதான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் மாதா கோவில் திருவிழா. படகுத்துறைக்குப் போனால், கரையிலிருந்து கடலுக்கு மேலே நீளமாக ஒரு மரத்தை நீட்டி வைத்திருக்கிறார்கள். முனை மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. முனையில் ஒரு கொடி. இரண்டு பேர் வாளியிலிருந்து கொழுப்பை அள்ளி அள்ளி மரத்தில் பூசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அடப்பாவிகளா, நம்ம வழுக்கு மரத்தைக் கடலில் படுக்கப் போட்டிருக்கிறீர்களே!

மரத்தின் மேல் ஓடிப்போய்க் கொடியைப் பிடுங்க வேண்டும், தவறினால் கடல், யார் வேண்டுமானாலும் பேர் கொடுக்கலாம், விழுந்தவனும் மறுபடி ஓடலாம் என்று மாப்பிள்ளை விளக்கினார். அதோடு விட்டாரா?

"பேரு குடுக்கவா மச்சான்? ஆனா இங்க உங்க மேல ஏற ஆளு இல்லையே, என்ன செய்வீக?"

சுருக்கென்றது. "குடுய்யா பேரை!" என்று கத்திவிட்டேன். மாப்பிள்ளையிடம் ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசாதவன் நான்.

"அண்ணே, இந்த வயசுல கையக் கால ஒடச்சுக்கிட்டா அண்ணிக்கு நான் என்னத்தச் சொல்றது?" என்று தங்கை சட்டையைப் பிடித்து இழுத்தாள். கேட்கவில்லை.

அங்கேதான் புத்தி மேலூர்ப் புத்தியாகப் போனது. எல்லோரும் ஓடுகிறார்கள். நான் மட்டும் மரத்தைக் கையாலும் காலாலும் கட்டிப்பிடித்து ஊர்ந்தேன். கரையில் ஒரே சிரிப்பு. பாதித் தூரத்தில் மரம் என்னை அடிப்பக்கமாகப் புரட்டிவிட்டது. வௌவாலாகத் தொங்கி, தொப்பென்று விழுந்தேன். கிணற்றில் நீந்திப் பழகிய உடம்பு, மேலே வந்துவிட்டது. மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

படியில் உட்கார்ந்து மரத்தையே பார்த்தேன். இருபத்தேழு வருசமாக என் முகத்துக்கு நேரே இருந்தது மரம்தானே? விழுகிற ஒவ்வொருத்தனும் கொஞ்சம் கொழுப்பை வழித்துக்கொண்டு போகிறான். இன்னொன்றும் கண்ணில் பட்டது. கால் வழுக்கியதும் எல்லோரும் நிற்கப் பார்க்கிறார்கள். நிற்கப் பார்ப்பவன் பக்கவாட்டில் சாய்கிறான். எப்படியும் விழத்தான் போகிறோம், கொடிப் பக்கமாக விழுந்தால் என்ன? போய் வரிசையில் கடைசி ஆளாக நின்றுகொண்டேன்.

என் முறை வந்தது. "கோவிந்தா!" என்று அழகரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். ஆறு எட்டு வைக்கிறவரை கால் தாங்கியது. ஏழாவதில் கால் போயே போச்சு. நிற்கப் பார்க்கவில்லை. மொத்த உடம்பையும் முன்னால் வீசினேன். விரலில் துணி பட்டது, இறுக்கினேன், அப்படியே கடலுக்குள் போனேன். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்தால், கையில் கொடி! "எடுத்துட்டேன்டா!" என்று உள்ளேயே கத்தி, மடக்கு மடக்காக உப்புத் தண்ணீரைக் குடித்தேன்.

கரையேற்றிய கும்பலில் மீனவர் மாதிரி இருந்த, தோள் அகன்ற ஒருவர் குனிந்து, என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். "எங்க மச்சான்! எங்க மச்சான்!" என்று மாப்பிள்ளை தொண்டை கிழியக் கத்துகிறார். தங்கை அழுகிறாள், சிரிக்கிறாள், போனில் படம் எடுக்கிறாள். நான் கொடியைச் சுழற்றி, உட்கார்ந்தபடியே ஆடினேன். அம்புட்டு சந்தோசம்! கல்யாணத்தன்றுகூட நான் அப்படி ஆடவில்லை.

ஆடும்போதுதான் எனக்குக் கீழே ஒரு தோள் இருப்பது உறைத்தது. கழுத்துக்குப் பக்கத்தில் ஓர் எலும்பு உண்டு. அதில் பாரம் இறங்கினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சட்டென்று ஆட்டத்தை நிறுத்தி, பாரத்தை நகர்த்தி உட்கார்ந்தேன். என் மேல் ஏறிய ஒருத்தன்கூட என்னிடம் கேட்காததை, குனிந்து அவர் காதில் கேட்டேன்.

"வலிக்குதாண்ணே?"

அவருக்குத் தமிழ் தெரியாது. தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு, என் காலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.