மேல வா

என் மனைவியின் தம்பி ஒரு விமானம் கட்டினான். ஆனையூரில் அவன் வீட்டு கார் ஷெட்டில் இறக்கைகளும் மொட்டைமாடியில் வாலுமாக அது நான்கு வருஷம் வளர்ந்தது. கார் அதுவரை தெருவில் வெயில் காய்ந்தது. இப்படி வீட்டில் கட்டுவதற்குச் சோதனை விமானம் என்று பெயர். சோதனை என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. என் மாமியார் இரண்டாவதை எடுத்துக்கொண்டு அழகருக்கு வேண்டிக்கொண்டார்.

பறக்க அனுமதி வந்தபோதுதான் வானத்திலும் வரப்பு உண்டு என்று எனக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பேரையூருக்குப் பக்கத்தில் குத்தகைக்கு எடுத்த கரிசல் காட்டில் அவனுடைய ஓடுபாதை. அதற்கு மேலே அவனுக்கு ஒதுக்கியிருந்தது ஒரு பெட்டி: கிழக்கே கண்மாய்க்கரை வரைக்கும், உயரத்தில் ஆயிரம் அடி வரைக்கும். அதற்கப்பால் மதுரைக்கு வந்துபோகும் பெரிய விமானங்களின் ராஜ்யம். எல்லை தாண்டினால் அனுமதி போய்விடும் என்று எச்சரித்திருந்தார்கள். அப்புறம் அந்த நான்கு வருஷமும் கார் ஷெட்டுக்கே திரும்ப வேண்டியதுதான்.

தரையில் நின்று ரேடியோவில் அவனுக்கு வழி சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. கல்லூரியில் தமிழ் நடத்துபவன், பட்டிமன்றங்களில் பேசுபவன், மைக்கைக் கண்டால் விடாதவன் என்பதால் என்னைப் பிடித்தான். தன் விமானத்தில் அவன் செய்த ஒரே பொறியியல் தவறு அது.

வான்வழி ரேடியோவுக்கு ஒரு மொழி உண்டு. பார்க்க ஆங்கிலம் மாதிரி இருக்கும். அடைமொழி கிடையாது, உணர்ச்சி கிடையாது. ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ரோஜர்’ என்றால் காதில் விழுந்தது என்றுதான் பொருள், சம்மதம் என்று பொருள் இல்லை. வீட்டில் நான் பேப்பர் படித்துக்கொண்டே சொல்லும் ‘ம்’ அந்த வகை.

“மதுரை ஏர்போர்ட் டவர்கிட்ட நான் பேசிக்கிறேன் மச்சான். நம்ம சேனல்லயும் அதே மாதிரி இங்கிலீஷ்ல, சுருக்கமா சொல்லுங்க” என்றான்.

“நமக்குள்ள எதுக்கு மாப்ள இங்கிலீஷு? தமிழ்ல இல்லாத வார்த்தையா?”

“இருக்கு மச்சான். அம்புட்டையும் நீங்க சொல்லிருவீங்களேன்னுதான் பயம்.”

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் முதல் முறையாகத் தனியாகக் கிளம்பினான். என் மனைவி தெர்மாஸ் பிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். விமானம் எழும்பியது, ஒரு வட்டம் அடித்தது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. பிறகு காற்று அதைக் கிழக்கே தள்ள ஆரம்பித்தது. கண்மாய்க்கரை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் பட்டனை அமுக்கினேன்.

“மாப்ள, கீழ போகாத. மேல வா.”

“கீழ போகல. மேல வாரேன்” என்று விதிப்படி திருப்பிச் சொன்னான்.

திரும்புவான் என்று பார்த்தேன். மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறினான்.

“மேல வா மாப்ள! இன்னும் மேல! மேல வாப்பா!”

“ஏங்க, அவன் என்ன சின்னதாகிக்கிட்டே போறான்?” என்றாள் மனைவி.

“மேல வான்னு கத்துறேன், கேக்க மாட்டேங்குறான்.”

“கேக்குறதுனாலதான் போறான்போல. மொதல்ல பட்டனை விடுங்க, அவன் என்ன சொல்றான்னு பாப்போம்.”

பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தால் எதிர்ப்பக்கம் பேசுவது கேட்காது. பட்டிமன்றத்தில் இந்த வசதி இல்லை. விட்டேன்.

“...ஆயிரம் தாண்டிருச்சு மச்சான். இன்னும் எம்புட்டு மேல?”

நான் பிறந்து வளர்ந்தது மேல மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். அங்கே மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. கோயிலைச் சுற்றி இருக்கும் எந்த வீதியும் இதைச் சொல்லும். என் மைத்துனன் வளர்ந்த ஆனையூரில் தெருக்களுக்கு நம்பர்தான். அவனுக்கு மேல என்றால் மேலேதான்.

“அந்த மேல இல்ல மாப்ள, மேல!” என்றேன்.

விமானம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

“மச்சான், கும்பிட்டுக் கேக்குறேன். இங்கிலீஷ்ல சொல்லுங்க.”

“வெஸ்ட்டு” என்றேன். மேற்கு என்று ஒரு தமிழ்ச் சொல் இருக்கிறது. மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்ததுதான். அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

விமானம் எழுமலைப் பக்கத்து மலைகளைப் பார்த்துத் திரும்பியது. மெல்ல உயரம் குறைந்தது. கரிசலில் ஒரு குதி குதித்து நின்றது. என் மனைவி ஓடிப்போய் அவனுக்கு டீ ஊற்றினாள். எனக்கு ஊற்றவில்லை.

“கண்மாய்க்கரையைத் தாண்டல மாப்ள. உயரத்தை யாரு பாத்திருக்கப் போறா?” என்றேன்.

“டவர்ல நானே சொல்லிட்டேன் மச்சான்” என்றான். இன்னொரு டீக்குக் கையை நீட்டினான்.

மறுநாள் விமானத்துறை அதிகாரி ஒருவர் போனில் அழைத்தார். வடக்கத்திக்காரர், பொறுமையான ஆங்கிலம். மைத்துனன் ஸ்பீக்கரில் போட்டான். நடந்ததைச் சொன்னான். உங்கள் மொழியில் மேற்கு என்றால் மேலேயா என்று கேட்டார். ஆமாம் சார். அப்படியானால் கிழக்கு கீழேயா? ஆமாம் சார். அந்தப் பக்கம் வேறு யாரோ சிரித்தது கேட்டது.

“அப்ப உங்களுக்குச் சொன்னபடிதான் நீங்க செஞ்சிருக்கீங்க. சொன்னது யாரு?”

“அக்கா வீட்டுக்காரர், சார்.”

“அவரை மாத்திருங்க.”

தாண்டியதைத் தானாகவே சொன்னதால் அனுமதி தப்பியது. அதோடு இந்த ஒரு நிபந்தனையும் சேர்ந்தது.

இப்போது ரேடியோவில் பேசுவது என் மனைவி. திசை, உயரம், முடிந்தது. அடைமொழி இல்லை, உணர்ச்சி இல்லை. எனக்கு வீட்டிலேயே பழக்கமான நடை. ஓடுபாதையில் ஆடு வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. போன ஞாயிறு அவன் இறங்க வரும்போது ஓர் ஆடு உள்ளே நுழைந்தது.

“ஆடு! மேல நிக்குது, ஆடு!” என்று கத்தினேன்.

அவள் ரேடியோவை வாயருகில் வைத்துக்கொண்டு, நிதானமாக வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“வெஸ்ட்டு” என்றேன்.