இரண்டு ஸ்டூல்

ஜீவனஹள்ளியில் ஒரு கிளினிக்கில் குழந்தைகளுக்குப் பல் பார்க்கிறேன். பக்கத்து அறைக்காரர் ரூட் கேனல் மட்டும் செய்பவர். எனக்குப் பிறகு வந்தவர்தான். வந்த கையோடு அவருக்கு ஒரு மைக்ராஸ்கோப் வாங்கிக் கொடுத்துவிட்டார் ஓனர். சாயங்காலம் அதற்கு உறை போட்டு மூடுவார் அந்த ரூட் கேனல்காரர். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

எனக்கு வந்தது என்ன தெரியுமா? சுவரில் ஒட்டுகிற ஒட்டகச்சிவிங்கிப் படம்.

"உங்க டிபார்ட்மென்ட்டுக்குன்னே ஸ்பெஷலா தேடி எடுத்தேன் டாக்டர்" என்றார் ஓனர்.

நான் கேட்டது குழந்தைகள் அளவில் ஒரு சேர். பெரியவர்கள் சேரில் மூன்று வயதுக் குழந்தையைப் படுக்க வைத்தால் வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும். பிறகு நான் எங்கே வாயைப் பார்ப்பது? நச்சரித்து நச்சரித்து, ஒருநாள் அவரையே நேரில் வந்து பார்க்க வைத்தேன்.

அன்றைக்கென்று கன்னம் வீங்கிய ஒரு பெண் குழந்தை வந்தது. சேரில் வழுக்கி, உதைத்து, ஊரைக் கூட்டியது. ஓனர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்லா கத்து கண்ணு என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

அதற்குள் அதன் அம்மா குழந்தையைத் தூக்கிவிட்டாள். "வேணாம் மேடம், பாவமா கீது. வூட்டுக்கே போயிடறோம்."

அந்த வீக்கத்தோடு எப்படி அனுப்புவது? இரண்டு ஸ்டூல்களை இழுத்துப் போட்டேன். அம்மாவும் நானும் முட்டியோடு முட்டி இடிக்க எதிரெதிரே உட்கார்ந்தோம். குழந்தையை அம்மாவைப் பார்த்தபடி அவள் மடியில் உட்கார வைத்து, அப்படியே பின்னால் சாய்த்துத் தலையை என் மடியில் வாங்கிக்கொண்டேன். அம்மா முகம் தெரிந்ததும் அழுகை அடங்கியது. சொத்தைப் பல்லைச் சுத்தம் செய்து மருந்து வைத்துவிட்டேன்.

"அடடா!" என்று கைதட்டினார் ஓனர். "சூப்பர் டாக்டர்! உங்களுக்கு எதுக்கு சேரு? மடியே போதுமே!"

போச்சு. என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் மைக்ராஸ்கோப்புக்குக் கேமரா வந்தது. பக்கத்து அறைக்காரர் கூப்பிட்டுக் காட்டினார். "ரொம்ப நல்லா இருக்கு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

எனக்கும் ஒரு பார்சல் வந்திருந்தது. பிரித்தால், மெத்தை வைத்த இரண்டு புது ஸ்டூல். எட்டி உதைக்கலாமா என்றிருந்தது. ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன். உயரம் அளவெடுத்த மாதிரி சரியாக இருந்தது, பாவி மனுஷன்.