ஐந்தாம் பக்கத்துத் தலைப்பாகை

அஞ்சலீனா ரீச்சருக்கு மன்னிக்கத் தெரியாது. அதை முதலே சொல்லிப்போடுறன், பேந்து ஒருத்தரும் என்னோட சண்டைக்கு வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில, தங்களுக்குக் கெடுதல் செய்தவையை மன்னிக்கிறம் எண்டு எல்லாரும் சேந்து சொல்லுற இடம் வந்தால் அவவுக்கு இருமல் வரும். ஏப்ரலில தொடங்கின இருமல். பக்கத்தில நிக்கிற மனுசன் பீற்றருக்கு அதின்ர காரணம் தெரியும்.

"இண்டைக்கும் குலசேகரத்தாருக்குத்தானே இருமினனீர்?" எண்டு வீட்ட வரேக்க கேப்பார்.

"ஓம், அந்தாளுக்குத்தான்," எண்டுவா.

மன்னாரில பிறந்து இருபத்திரண்டு வயதில லண்டனுக்கு வந்தவ. இப்ப ஐம்பது தாண்டியிட்டுது. கிழமை நாளில இல்ஃபோர்ட்டில ஒரு மருந்துக்கடைக் கவுண்டரில வேலை. குளிசையை எண்ணுவா, பெயரைப் பாப்பா, திரும்பவும் எண்ணுவா. எண்ணாமல் ஒரு பெட்டி அவவின்ர கையை விட்டுப் போகாது. சனிக்கிழமை காலமையில தமிழ்ப் பள்ளியில பெரிய வகுப்புக்குப் படிப்பிக்கிறது, பதினொரு வருசமா. அவவுக்குப் பிள்ளையள் இல்லை. அதைப் பற்றி அவ ஒருத்தரோடையும் கதைச்சதும் இல்லை. ஆனா அவ "என்ர பிள்ளையள்" எண்டு சொன்னால் அது அந்தப் பெரிய வகுப்புத்தான் எண்டு கடையில நிக்கிற பெட்டைக்கும் தெரியும்.

குலசேகரம் அந்தப் பள்ளியின்ர அதிபர். கெட்ட மனுசன் எண்டு நான் சொல்லமாட்டன். படத்தில விழ ஆசைப்படுற மனுசன். பரிசளிப்பு எண்டால் நடுவில அவர், பொங்கல் எண்டால் பானைக்கு முன்னால அவர். ஒருக்கால் ரத்ததான முகாமில ஒரு துளி ரத்தம் குடுக்காமல் கட்டிலில படுத்துப் படம் எடுத்தவர் எண்டால் பாருங்கோவன்.

போன ஈஸ்டர் லீவுக்குப் பெரிய வகுப்பு மொரோக்கோவுக்குப் போனது. பதினாலு பிள்ளையள், அதிபர், அஞ்சலீனா ரீச்சர், அங்க ஒரு உள்ளூர் வழிகாட்டி. கசபிளாங்கா, மராகேஷ், கடைசியில ஃபெஸ். ரீச்சர் விமானம் ஏற முதலே பிள்ளையளுக்கு ஒண்டிலயிருந்து பதினாலு வரைக்கும் இலக்கம் குடுத்திட்டா. எந்த இடத்தை விட்டு வெளிக்கிட்டாலும் வரிசையா இலக்கத்தைக் கத்திச் சொல்லவேணும், அதுவும் தமிழில. லண்டனில பிறந்ததுகள், முதல் நாள் வெக்கத்தில நெளிஞ்சுதுகள். மூண்டாம் நாள் மராகேஷ் சதுக்கத்தில தோடம்பழச் சாறு விக்கிறவன், பதினாலு எண்டு கத்தி முடிய, தானும் கையைத் தூக்கித் தன்ர பாசையில பதினைஞ்சு சொன்னான். பிள்ளையள் விழுந்து விழுந்து சிரிச்சுதுகள். ரீச்சரும் சிரிச்சா.

ஃபெஸ் சந்தையைப் பற்றி என்னத்தைச் சொல்ல! ரெண்டு பேர் சேந்து நடக்க ஏலாத ஒழுங்கையள், ஒண்டுக்குள்ள ஒண்டு போகுது. கழுதை சுமையோட வந்தால் நீங்கள் சுவரோட ஒட்டிக்கொண்டு நிக்கவேணும். செம்புப் பாத்திரம் அடிக்கிற சத்தத்தில பக்கத்தில நிக்கிறவர் கதைக்கிறது கேக்காது. அங்க ஒரு பெடியனுக்குக் குதிக்காலில சப்பாத்து வெட்டிப்போட்டுது. தண்ணிக் குழாயடியில அவனை இருத்தி ரீச்சர் பிளாஸ்டர் போட்டா.

"சேர், ஒரு அஞ்சு நிமிசம். நான் வரமட்டும் நில்லுங்கோ, எண்ணிப்போட்டுப் போவம்," எண்டு சொன்னா.

சேர் நிண்டாரோ? இல்லை. வழிகாட்டி ஒரு கம்பளக் கடையைப் பற்றிச் சொன்னவன், அங்க தலைப்பாகை கட்டிவிட்டுப் படம் எடுக்க விடுவினமாம். "எண்ண நேரமில்லை, வாங்கோ, வாங்கோ" எண்டு மனுசன் பிள்ளையளைச் சாய்ச்சுக்கொண்டு போட்டார்.

ரீச்சர் அந்தப் பெடியனோட தேடிப்பிடிச்சுக் கடைக்குள்ள நுழையேக்க குலசேகரத்தார் கம்பளக் குவியலுக்கு மேல, நீலத் தலைப்பாகையோட, புதினாத் தேத்தண்ணிக் கிளாசைத் தூக்கிக்கொண்டு இருக்கிறார். ரீச்சர் வாசலில நிண்டபடியே எண்ணச் சொன்னா. எட்டோட நிண்டிட்டுது. ஒன்பது கௌசி. பதினாறு வயது, பெற்றோர் சங்கத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜாவின்ர ஒரே மகள்.

"பின்னால வருவாள், நீர் பதறாதையும்," எண்டார் அதிபர், தலைப்பாகையைக் கழட்டாமல்.

ரீச்சர் ஓடினா. இருபத்தைஞ்சு நிமிசம் அந்த ஒழுங்கையளுக்குள்ள கௌசி, கௌசி எண்டு கத்திக்கொண்டு ஓடினா. செம்படிக்கிற ஒரு கிழவனின்ர கடைப்படியில பெட்டை இருந்தாள், தொலைபேசியில சார்ஜ் இல்லாமல். கூட்டிக்கொண்டு வந்து சேர்த்திட்டா. அது அங்க முடிஞ்சிருக்கவேணும்.

ஆனா லண்டனில இறங்க முதலே பெற்றோர் வாட்ஸப்பில அதிபரின்ர செய்தி. "பொறுப்பாசிரியையின் கவனயீனத்தால் மாணவி ஒருவர் சிறிது நேரம் காணாமற்போனார். அதிபரின் நிதானத்தால் நிலைமை சமாளிக்கப்பட்டது." நிதானமாம்! அடுத்த சனிக்கிழமை பெரிய வகுப்பை அவவிட்ட இருந்து எடுத்து வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சு. கடையில மருந்து வாங்க வாற தமிழ்ச் சனம் தங்கட பெட்டியைத் திறந்து ஒருக்கால் எண்ணிப்போட்டுப் போகத் தொடங்கிச்சினம். அதுதான் அவவைச் சாகடிச்சது.

அவ வாய் திறக்கேல்லை. அதுக்கு ஒரு காரணம் இருந்தது. கடைப்படியில கௌசியைக் கண்ட உடன அவ செய்த முதல் வேலை, பெட்டையின்ர கன்னத்தில பளார் எண்டு ஒண்டு விட்டதுதான். இந்த நாட்டில பிள்ளைக்கு அடிச்ச ரீச்சர் திரும்ப ஒரு வகுப்புக்குள்ளயும் கால் வைக்க ஏலாது. பெட்டை அதை ஒருத்தருக்கும் சொல்லவும் இல்லை. அப்ப ரீச்சர் வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்தா. "இரு, உன்ர தலைப்பாகையைக் கழட்டுறன்," எண்டு குளிசை எண்ணேக்கையும் பல்லைக் கடிச்சுக்கொண்டு காத்திருந்தா.

வகுப்பைப் பறிச்சதுக்குப் பதிலா அவவுக்கு வேற ஏதாவது வேலை குடுக்கவேணும் தானே? ஆண்டுவிழா மலரைத் தொகுக்கிற வேலையையும் விழாவில நன்றியுரையையும் அவவின்ர தலையில கட்டிச்சினம். மலர் எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். வாழ்த்துச் செய்தியள், நகைக்கடை விளம்பரம், பிள்ளையளின்ர கட்டுரை. எல்லாரும் தங்கட படம் வந்த பக்கத்தை மட்டும் பாப்பினம், பேந்து கதிரைக்கடியில வைச்சுப்போட்டுப் போவினம். நன்றியுரை அதைவிட மோசம், அது தொடங்க மண்டபமே சாப்பாட்டு மேசைக்கு எழும்பிப் போகும். ரீச்சர் ரெண்டையும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டா. சிரிச்சுக்கொண்டு வாங்கினா எண்டே சொல்லலாம்.

செப்டெம்பரில கௌசிக்கு ஃபோன் எடுத்தா. "மொரோக்கோவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தா பிள்ளை. நடந்ததை நடந்தமாதிரி எழுது. ஒண்டையும் விடாதை."

கையெழுத்தில நாலு பக்கம் வந்தது. பெட்டை நல்லா எழுதுவாள், ரீச்சர் படிப்பிச்ச தமிழல்லோ! "நான் தொலைந்து நின்றபோது எங்கள் அதிபர் கம்பளக் கடையில் தலைப்பாகை கட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாராம். எண்ண நேரமில்லை என்று அவர் சொன்னதாக மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். அந்தப் படம் மிகவும் அழகாக வந்திருக்கிறது." வாசிக்க வாசிக்க ரீச்சருக்குத் தேன் குடிச்ச மாதிரி இருந்தது. பேந்து மூண்டாம் பக்கத்தில ஒரு பந்தி. "ரீச்சர் என்னைக் கண்டதும் கன்னத்தில் அடித்தார்." அந்த வசனத்தோட அவவின்ர கண் நிண்டிட்டுது. மிச்சத்தை வாசிக்கேல்லை. பந்தியை அடியோட வெட்டி எறிஞ்சுபோட்டு அடுத்த பந்திக்குப் போயிட்டா.

கட்டுரையை நாலாம் பக்கத்தில போட்டா. ஐந்தாம் பக்கம், நேர் எதிரில, அதிபர் தானே தெரிஞ்செடுத்துக் குடுத்த முழுப்பக்கப் படம். நீலத் தலைப்பாகை, தேத்தண்ணிக் கிளாஸ், பல் முழுக்கத் தெரியுற சிரிப்பு.

அச்சுக்குப் போக முதல் அதிபர் ஒப்பம் வைக்கவேணும். மாதிரிப் பிரதியைப் பாக்க அவர் மருந்துக்கடைக்கே வந்தார்.

"எல்லாப் பக்கத்தையும் வாசிச்சுப்போட்டு ஒப்பம் வையுங்கோ, சேர்," எண்டா.

அவர் நேரா ஐந்தாம் பக்கத்தைத் திறந்தார். "தலைப்பாகை கொஞ்சம் இருட்டா கிடக்கு. வெளிச்சமாக்கச் சொல்லும்."

"சொல்லுறன். மற்றப் பக்கங்களையும் ஒருக்கால்..."

"எனக்கெங்க நேரம்? நீர் பாத்தால் காணும் தானே," எண்டுபோட்டு, பிரதிக்கு மேல வைச்சிருந்த அட்டைத்தாளில 'எல்லாப் பக்கங்களும் பார்த்தேன், சரி' எண்டு எழுதி ஒப்பம் வைச்சார். அண்டைக்குப் பின்னேரமே ரீச்சர் வால்தம்ஸ்டோவில இருக்கிற அச்சகத்துக்குத் தானே கொண்டுபோய்க் குடுத்தா. அட்டைத்தாள் மட்டும் அவவின்ர கைப்பைக்குள்ள இருந்தது.

நவம்பரில ஒரு சனிக்கிழமை மத்தியானம் விழா. முதற்பிரதியை அதிபர் தன்ர கையாலயே ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குக் குடுத்தார். மகள் தொலைஞ்ச மனத்தாங்கலை ஆத்துறதுக்காம். பேந்து மதிப்புரைக்குக் கிருஷ்ணராசா மாஸ்டர் எழும்பினார். இந்த மனுசன் விளம்பரத்தைக் கூட விடாமல் வாசிக்கிறவர் எண்டு தெரிஞ்சுதான் ரீச்சர் அவரைப் பிடிச்சது. மூண்டு நாளைக்கு முதலே ஒரு பிரதி வீட்ட குடுத்தவ.

"இந்த மலரில் என் நெஞ்சைத் தொட்ட ஆக்கம், செல்வி கௌசி எழுதியது," எண்டு மாஸ்டர் தொடங்கினார். கணீரெண்ட குரலில, ஒரு சொல் விடாமல் வாசிச்சார். தலைப்பாகை வந்த இடத்தில கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "படம் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது, சபையோர் பார்க்கலாம்," எண்டார். கதிரைக்கடியில கிடந்த மலரெல்லாம் மேல வந்தது. சரசரவெண்டு ஒரே தாள் சத்தம். முதல் ஆரோ சிரிச்சினம். பேந்து மண்டபம் அடங்கிப்போச்சு. ஸ்ரீஸ்கந்தராஜா கையில முதற்பிரதியோட எழும்பி நிண்டார். அதிபரைப் பாத்துக்கொண்டு நிண்டார்.

குலசேகரத்தார் மைக்கைப் பறிச்சார். "இது... இது என்ர பார்வைக்கு வராமல்..."

"அடுத்து நன்றியுரை," எண்டு அறிவிப்பாளர் அவசரப்பட்டுச் சொன்னார். அண்டைக்குத்தான் எங்கட சரித்திரத்தில முதன்முறையா நன்றியுரைக்கு ஒருத்தரும் எழும்பிப் போகேல்லை.

அஞ்சலீனா ரீச்சர் மேடைக்கு ஏறினா. கைப்பையைத் திறந்தா. "எல்லாருக்கும் நன்றி. எல்லாரிலும் மேலாக எங்கள் அதிபர் குலசேகரம் அவர்களுக்கு நன்றி. இந்த மலரின் ஒவ்வொரு பக்கத்தையும் தானே பார்த்து, தன் கைப்பட 'சரி' என்று எழுதித் தந்தவர் அவர்." அட்டைத்தாளைத் தூக்கிக் காட்டினா. அவ்வளவுதான். இறங்கியிட்டா. என்ன சந்தோசம்! அந்தாளின்ர முகம் கறுக்கிறதை அவ ஏழு மாதமாக் கனவில பாத்தவ, கனவை விட நல்லாயிருந்தது.

ஸ்ரீஸ்கந்தராஜா நேரா அவவிட்ட வந்தார். "ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. அடுத்த கிழமை பெரிய வகுப்பு உங்களிட்டத்தான். இல்லையெண்டால் என்ர பிள்ளை வராது."

ரோல்ஸும் தேத்தண்ணியும் வைச்ச சாப்பாட்டு மேசையடியில ரீச்சர் நிக்கேக்க கௌசி வந்தாள். கையில மலர். "ரீச்சர், என்ர பராகிராஃப் ஒண்டைக் காணேல்லை."

ரீச்சர் சுத்திவரப் பாத்தா. "மெல்லக் கதை பிள்ளை. சேருக்கு ஏதாவது சொன்னனியோ?"

"இல்லை. சொல்லவும் மாட்டன். அடிச்சதுக்காண்டி வெட்டினனீங்களா? அது முதல் லைன் மட்டும் தானே ரீச்சர். மிச்சத்தை விட்டிருக்கலாமே. அதுதான் பெஸ்ட்."

"மிச்சத்தில என்ன எழுதினனீ?"

கௌசி அவவை ஒரு மாதிரிப் பாத்தாள். "நீங்க வாசிக்கேல்லையா?"

ரீச்சர் இல்லையெண்டு தலையாட்டினா.

"அடிச்சுப்போட்டு நீங்க நிலத்தில இருந்து என்னை இறுக்கிப் பிடிச்சு அழுதனீங்கள். அந்தக் கிழவர் தண்ணி கொண்டுவந்து தந்தும் குடிக்கேல்லை. ஒன்பது, ஒன்பது எண்டு சொல்லிக்கொண்டே இருந்தீங்கள். என்னை அப்பிடி ஒருத்தரும் தேடினதில்லை எண்டு எழுதினனான். அப்பாவுக்கு அதைத்தான் காட்ட ஆசைப்பட்டனான்."

மேடையில குலசேகரத்தார் மலர்க்கட்டுகளைத் தனிய நிண்டு அடுக்கிக்கொண்டிருந்தார். அஞ்சலீனா ரீச்சர் கௌசியின்ர கையில இருந்த மலரை வாங்கி, அந்தப் பந்தி இல்லாத நாலாம் பக்கத்தைத் திறந்தா. முதல் சொல்லிலயிருந்து கடைசிச் சொல் வரைக்கும், விரலை வைச்சு, அப்பதான் வாசிக்கத் தொடங்கினா.