மேலே ஓர் ஆள், கீழே ஓர் ஆள்

சாவியை அரைச் சுற்றுத் திருப்புவார். உஸ்ஸென்று காற்று வெளியே வரும். கடையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மூக்குக்குக் கீழே, கைப்பிடி உடைந்த அலுமினியக் குவளையைப் பிடித்தபடி ஊல்கான் அக்கா கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார். காற்று அடங்கியதும் எச்சில் தெறிப்பதுபோல் இரண்டு துளி, பிறகு கம்பியாய்க் கறுப்புத் தண்ணீர். உடனே சாவியை மூடிவிடுவார். "பாரு, என் நாத்தனார் மாதிரியே மூச்சு விடுது" என்று முனகிக்கொண்டு அடுத்த கடைக்குள் நுழைவார். யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. செருப்புக் கடையில் வாடிக்கையாளர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றாலும் சரி, அவருக்குச் சுவரோரம் இருக்கும் அந்த இரும்பு விலா எலும்புகள் மட்டுமே கண்ணில் படும்.

எங்கள் மலை நகரம் நாரினில் ஆகஸ்ட் மாதம் யாரும் குளிரைப் பற்றிப் பேசுவதில்லை. எங்கள் வணிக வளாகத்தின் வாசலில் தர்பூசணி குவிந்து கிடக்கும். கடைக்காரர்கள் மத்தியானம் கீற்றுப் போட்டுத் தின்று விதையைத் துப்பிக்கொண்டிருப்பார்கள். அப்போது அவர் பாய்லரின் வயிற்றுக்குள் பாதி உடம்பை நுழைத்துக் கரி சுரண்டிக்கொண்டிருப்பார். வெளியே வரும்போது கண்ணின் வெள்ளை மட்டும்தான் தெரியும். அதன் பிறகு புகைபோக்கி, பிறகு குழாய்களைக் கழுவிவிடுதல், பிறகு பின்பக்க நடையில் உறையில்லாமல் ஓடும் குழாய்களுக்குப் பழைய கம்பளி சுற்றுதல். என் மூக்குக் கண்ணாடிக் கடை மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. பாய்லர் அறையின் கதவு பக்கத்திலேயே. அதனால் குளிர்காலம் எனக்கு மட்டும் ஆகஸ்டிலேயே கரிப்புகையும் துருவுமாக வந்துவிடும்.

அறுபதை நெருங்குகிற உடம்பு. கணவரின் பழைய கோட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கால்சட்டை. வலது கன்னம் எப்போதும் புடைத்திருக்கும். உள்ளே குருத், உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டை. "இது வாயில இருந்தா தூக்கம் வராது தம்பி. உப்பு எழுப்பி விட்டுரும்" என்பார். ஒரு கோப்பைத் தேநீரையும் அவர் முழுதாகக் குடித்து நான் பார்த்ததில்லை. யார் கொடுத்தாலும் வாங்குவார், இரண்டு வாய் உறிஞ்சுவார், எங்கோ ஒரு குழாய் சொட்டுவது நினைவுக்கு வந்துவிடும். ஜன்னல் விளிம்பிலும், மின்பெட்டியின் மேலும், ஒருமுறை தையல்காரரின் இயந்திரத்தின் மீதும் பாதிக் கோப்பைகளைக் கண்டெடுத்திருக்கிறோம். அன்று அவர் எங்கெங்கே வேலை பார்த்தார் என்று அவற்றை வைத்தே சொல்லிவிடலாம்.

புகார்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான்: "ஆகட்டும்." கீழ்த்தளத்தில் வெண்ணெயும் பாலாடையும் விற்கும் மேரிம், "அக்கா, என் பக்கத்துல சூட்டைக் குறைங்க, வெண்ணெய் கூழாப் போகுது" என்பாள். ஆகட்டும். மூன்றாவது மாடியில் கல்யாண உடை வாடகைக்குக் கொடுக்கும் பெரிசாத், படி விளிம்பில் நின்று கீழே பார்த்துக் கத்துவாள்: "இங்க பொண்ணுங்க உடுப்பு மாத்தறப்ப பல்லு கிட்டுது. உங்க சூடு பூரா அந்த வெண்ணெய்க்காரி கொண்டு போறா." அதற்கும் ஆகட்டும். மேரிம் விடமாட்டாள்: "கல்யாணம் பண்ணப் போற பொண்ணுக்கு எதுக்குடி சூடு?" சிரிப்பு எழும். ஊல்கான் அக்கா சிரிக்காமல் இரண்டு வால்வுகளையும் ஆளுக்குக் கால் சுற்றுத் திருப்பிவிட்டுப் போவார்.

இந்த வேலையை முன்பெல்லாம் இருவர் பார்த்தார்கள். கணவர் குபாத் மேலே, இவர் கீழே. குழாய்களில் தண்ணீர் ஏற்றும் நாளில் மூன்றாம் மாடியின் காற்றுத் துளையைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் நிற்பார். தண்ணீர் எட்டியதும் குரல் கொடுப்பார்; இவர் கீழே வால்வை மூடுவார். போன வசந்தத்தில் குபாத் அண்ணன் கரிக்குவியலின் மேலேயே சாய்ந்துவிட்டார். இடது பக்கம் முழுவதும் போய்விட்டது. அன்றிலிருந்து ஊல்கான் அக்கா காலையில் அவரைத் துடைத்து, ஊட்டி, திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வருகிறார். மத்தியானம் ஓடிப்போய் மறுபக்கம் திருப்பிவிட்டுத் திரும்புகிறார். இன்னோர் ஆள் வேண்டும் என்று மேலாளர் தாலாய்பெக்கிடம் கேட்டார். "பாப்போம் அக்கா" என்றார் அவர். பார்த்துக்கொண்டே இருந்ததில் இலைகள் உதிர்ந்துவிட்டன.

தண்ணீர் ஏற்றும் நாள் வந்தது. அவர் தனியாக மூன்று மாடி ஏறி, பெரிசாத்தின் கடையில் இருக்கும் காற்றுத் துளையைத் திறந்தார். அவள் தேநீர் வாங்கப் போயிருந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து கீழே வால்வைத் திறந்தார். வளாகம் முழுவதும் தண்ணீர் ஏறி நிறைய நேரம் எடுக்கும். அதற்குள் மறுபடி மேலே போனால் போதும். என் கடையைத் தாண்டும்போது, "கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்" என்றார். வாளியைக் கவிழ்த்துப் போடும் சத்தம் கேட்டது. எனக்கு ஒரு வாடிக்கையாளர் வந்தார், கண்ணாடியின் கால் திருகைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மேலேயிருந்து வந்த அலறல் பெரிசாத்துடையது.

அவள் இரண்டு கைகளிலும் ஒரு வெள்ளை உடையை, மயங்கிய குழந்தையைத் தூக்கி வருவதுபோல் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். மார்பிலிருந்து கீழ் விளிம்பு வரை கறுப்புத் துருநீர் வழிந்திருந்தது. சனிக்கிழமைக் கல்யாணத்துக்குப் போக வேண்டிய உடை. கடைக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாலாய்பெக் வந்தார். சண்டை வேண்டாம் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"பழைய சாமான். திருகு உடைஞ்சிருக்கும். அப்படித்தானே அக்கா?"

ஊல்கான் அக்கா வால்வை மூடிவிட்டுப் பாய்லர் அறையின் வாசலில் வந்து நின்றார். கன்னத்தில் கையுறையின் தடம் பதிந்திருந்தது.

"உடையல" என்றார். "நான் தூங்கிட்டேன்."

மேலே சொட்டும் சத்தம் கேட்டது.

"தூங்கிட்டீங்களா?" பெரிசாத்தின் குரல் இறங்கிவிட்டது. கத்துவதைவிட அது மோசமாக இருந்தது. "சனிக்கிழமை அந்தப் பொண்ணு வந்து நிப்பா. அவகிட்ட என்ன சொல்றது? பாய்லர்காரம்மா தூங்கிட்டாங்கன்னா?"

"அப்படியே சொல்லு. என் பேரையும் சொல்லு. மொதல்ல அதை இங்க குடு. காஞ்சுதுன்னா போகாது."

பாய்லரில் உப்புப் படிந்தால் கரைக்க அவர் வைத்திருப்பது எலுமிச்சை உப்பு. அதை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, இருப்பதிலேயே சுத்தமான தொட்டியில் உடையை முக்கினார். பெரிசாத் நம்பவில்லை, பின்னாலேயே போய் நின்றாள். "தேய்க்காதீங்க, சல்லாத்துணி, பிஞ்சுரும்" என்றாள். பிறகு தானே கையை விட்டாள். திறந்த கதவு வழியாக இருவரின் முதுகும் எனக்குத் தெரிந்தது. வெகு நேரம் தண்ணீரின் சலசலப்புதான்.

"அண்ணன் எப்படி இருக்காரு?"

"இருக்காரு. வலது கை நல்லா இருக்கு. அதாலதான் தட்டி எழுப்புறாரு என்னை."

"ராத்திரியிலயுமா?"

"அவரை ஒரே பக்கமா விட்டா புண்ணு வந்துரும்ல. தட்டுனா எந்திரிச்சுத்தான் ஆகணும்."

பெரிசாத் உடையின் விளிம்பைப் பிழிந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி முக்கினாள்.

முக்கால்வாசி போய்விட்டது. கீழ் விளிம்பில் மட்டும் தேநீர் சிந்தியதுபோல் ஒரு நிறம் தங்கிவிட்டது. பெரிசாத் அதன்மேல் அகலமாகச் சரிகை வைத்துத் தைத்தாள். மணப்பெண் அதைத்தான் உடுத்திக்கொண்டாள். அந்தச் சரிகை இந்த வருஷத்துப் புது மாதிரி என்று நினைத்துவிட்டாளாம், வேறு இருவர் அதேபோல் கேட்டு வந்தார்கள். ஆனால் தாலாய்பெக் மனம் மாறவில்லை. "அடுத்த வருஷம் வேற ஆள் பாக்கறேன் அக்கா. உங்களுக்கும் முடியல" என்றார். அதற்கும் ஊல்கான் அக்கா "ஆகட்டும்" என்றார். வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் அது. அவர் முகம் மாறியதா என்று பார்த்தேன். அதற்குள் குனிந்து ஏதோ ஒரு குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை நான் எழுதும்போது ஆற்றில் பனிப்பாளம் கட்டிவிட்டது. என் கால்மாட்டில் குழாய் சுடுகிறது. மேரிமும் பெரிசாத்தும் சண்டை போடுகிறார்கள். அடுத்த ஆகஸ்டில் பக்கத்துக் கதவைத் திறப்பது யார் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த அசம்பாவிதத்துக்கு மறுநாள் காலையை நான் சொல்ல வேண்டும். மலையின் தலையில் வெள்ளை விழுந்திருந்தது. முந்தின நாள் வடித்துவிட்ட தண்ணீரை அன்றைக்குள் மறுபடி ஏற்றி, தீ மூட்டியாக வேண்டும். ஊல்கான் அக்கா குவளையோடும் சாவியோடும் என் கடைக்கு முன்னால் வந்து, படிகளை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். எதிரே பெரிசாத் இறங்கி வந்தாள். கடையில் எல்லா உடைகளையும் பிளாஸ்டிக் உறையால் மூடிவிட்டுத்தான் வந்திருந்தாள். கையை நீட்டினாள்.

"குடுங்க. மேல நான் நிக்கிறேன்."

"உனக்கு இதெல்லாம் தெரியாதும்மா."

"காத்து வரும், தண்ணி வரும், மூடணும். இதுல தெரிய என்ன இருக்கு? நேத்து நான் பாக்கலையா தண்ணி வந்ததை?"

ஊல்கான் அக்கா உடனே கொடுக்கவில்லை. சாவியைக் கோட்டில் துடைத்தார். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று காற்றில் செய்து காட்டினார். பிறகு குவளையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். குழாய்களுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது. அவர் உட்காரவே இல்லை. வால்வின் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றபடியே இருந்தார்.

"அக்கா!" மாடிப்படியின் இடைவெளி வழியாகக் குரல் விழுந்தது. "வந்துருச்சு. நான் மூடிட்டேன். நீங்களும் மூடுங்க."

சக்கரத்தை இறுகத் திருப்பினார். வெளியே வந்து, கைப்பிடியைப் பற்றி முதல் படியில் காலை வைத்தார். மேலே அண்ணாந்து பார்த்தார். சொட்டும் சத்தம் இல்லை. வைத்த காலைத் திரும்ப எடுத்தார். அந்தப் படியிலேயே உட்கார்ந்து, குனிந்து, பூட்ஸின் நாடாவைத் தளர்த்தத் தொடங்கினார்.