அம்சவல்லி அக்காவின் கை

வலங்கைமானைச் சுற்றி நாலு ஊரில் களையெடுப்பு என்றால் முதலில் அம்சவல்லி அக்காவுக்குத்தான் போன் வரும். பதினாலு வயதில் வயலில் இறங்கியவர், இப்போது ஐம்பத்து நாலு. நெல்லைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு நிற்கும் புல்லைக்கூட அவர் கண்ணால் தேட மாட்டார். கை தானாகப் போய்ப் பிடுங்கிவிடும்.

போன ஆடியில் எங்கள் மகளிர் குழு எங்கள் இருவரையும் ஐந்து நாள் பெர்மாகல்ச்சர் என்கிற இயற்கை விவசாயப் பயிற்சிக்கு அனுப்பியது. நான் மதியச் சாப்பாட்டுக்காகப் போனேன், மறைப்பானேன். அக்கா நிஜமாகவே கற்றுக்கொள்ளப் போனார். கணவர் தவறிப் போய் ஆறு வருடம், பிள்ளைகள் இல்லை, முதுகுவலி வேறு ஆரம்பித்திருந்தது. "குனிய முடியாமப் போற காலத்துல இந்த நாப்பது குழிக் கொல்லைதான்டி எனக்குச் சோறு போடணும், இசைவாணி" என்று பஸ்ஸில் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் பதிமூன்று சென்ட், அவருக்குச் சொந்தமான மண் அவ்வளவுதான்.

பயிற்சி கொடுத்தவர் இளம்பரிதி என்று முத்துப்பேட்டைப் பக்கத்து இளைஞர். குளிக்கிற தண்ணீரை வாழைக்குத் திருப்பச் சொன்னார், மழைத்தண்ணீர் ஓடும் வழியைப் பார்த்து மரம் வைக்கச் சொன்னார். அதெல்லாம் அக்காவுக்கு உடனே பிடிபட்டது. மூன்றாம் நாள்தான் குழப்பம் பிடித்தது. மண்ணை வெறுமையாக விடாதீர்கள், களையைப் பிடுங்காதீர்கள், அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடுங்கள், வேர் உள்ளேயே இருக்கட்டும் என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஊர் திரும்பியதும் சொன்னபடியே செய்தார். வேலியோரம் முருங்கையும் அகத்தியும் வைத்தார், நடுவில் கத்தரி போட்டார். காலடியில் எது முளைத்தாலும் அப்படியே விட்டார். பகலில் நிலக்காரர் ராஜராஜன் வயலில் கூலிக்கு ஆரைக்கீரையைப் பிடுங்கி வரப்பில் எறிவார். சாயங்காலம் கொல்லையில் அதே ஆரையை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போவார். "எனக்குப் பைத்தியம் கியித்தியம் புடிச்சிருச்சா?" என்று என்னிடமே கேட்பார்.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், தங்கையோடு போனில் பேசிக்கொண்டே கொல்லையில் உட்கார்ந்திருக்கிறார். பேசி முடித்துப் பார்த்தால் இரண்டு பாத்தி மொட்டையாகக் கிடக்கிறது. ஆரை, பொன்னாங்கண்ணி, மூடாக்குக்கென்று விதைத்த தட்டைப்பயறு எல்லாம் வேரோடு ஒரு குவியல். நான் போனபோது அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "நான் புடுங்கலடி, கை புடுங்கிருச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறுவாரம் இளம்பரிதி கொல்லையைப் பார்க்க வந்தார். அக்கா டீயைக் கையில் கொடுத்துவிட்டு நேராகக் கேட்டார்.

"தம்பி, களை எது, பயிரு எது? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"களைன்னு ஒண்ணு கிடையாதுங்கம்மா. வேண்டாத எடத்துல மொளைச்சா நாமதான் அப்படிச் சொல்றோம்."

"அப்ப நாப்பது வருஷமா நான் எதைப் புடுங்கினேன்?"

அவர் நல்ல பிள்ளை. தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வயல் வேற, கொல்லை வேறம்மா" என்றார். அது சரியான பதில்தான். எனக்குப் போதுமானதாக இருந்தது. அக்காவுக்குப் போதவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, என்னோடும் பேசவில்லை.

மூன்றாம் நாள் ராஜராஜன் வயலில் இரண்டாம் களை. ஒன்பது பேர் வரிசையாகக் குனிந்தோம். எப்போதும் அக்காதான் எல்லோருக்கும் முன்னால் போவார், நாங்கள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போவோம். அன்றைக்குப் பாதி வயல் போய் நிமிர்ந்தால் முன்னால் யாருமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். வெகு பின்னால், தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே குனிந்தபடி நின்றுகொண்டிருந்தார்.

முதுகு பிடித்துக்கொண்டதோ என்று ஓடினேன். அப்படி ஒன்றுமில்லை. தண்ணீருக்குள் ஒரு செடியை இரண்டு விரலால் பிடித்திருந்தார். பிடுங்கவும் இல்லை, விடவும் இல்லை.

"இசைவாணி, இதைப் புடுங்கவா?"

குனிந்து பார்த்தேன். வெறும் கோரை, சின்னப் பிள்ளைகூடப் பிடுங்கி எறியும் களை.

"புடுங்குங்கக்கா" என்றேன்.

"நெசமாவா?" என்றார்.